மூன்று தோட்டம், ஒரு குடோன்: ப்ராஜெக்ட், சப்-ப்ராஜெக்ட் எப்படிப் பிரிப்பது?

சில்வர்ஓக்_சேலம் (கேள்வி)

வணக்கம்ங்க. ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் வேலை செய்கிறேன். முதலாளிக்கு ஏற்காட்டில் மூன்று காப்பித் தோட்டம், அதில் ஊடுபயிராக மிளகு, கீழே சேலத்தில் ஒரு குடோன். தோட்டத்திலிருந்து வரும் பழ எடை, செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு), பழத்தோலை உரிக்கும் பல்ப்பரின் கணக்கு, குடோன் இருப்பு, கியூரிங்குக்கு (காய்ந்த காப்பியின் ஓட்டை நீக்கித் தரம் பிரிக்க) அனுப்பிய மூட்டை, இதையெல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. இரண்டு வருடமாக அப்பாச்சி ஹாப்பில்தான் ஓட்டுகிறேன், பல ஃபைலிலிருந்து தரவை எடுத்துச் சரிசெய்து டேட்டாபேஸில் சேர்க்கும் மென்பொருள் அது. அந்த வேலையின் படிவரிசைக்கு அதில் பைப்லைன் என்று பெயர், பைப்லைன்களையும் அவற்றின் அமைப்புகளையும் ஒன்றாக வைக்கும் ஃபோல்டருக்கு ப்ராஜெக்ட். வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களும் தாராளமாகச் சொல்லுங்கள், இந்தப் பிரிக்கிற பிரச்சினை எல்லோருக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது தோட்டத்துக்கு ஒரு ப்ராஜெக்ட், குடோனுக்கு ஒன்று, மொத்தம் நான்கு. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. முதல் தோட்டத்துக்குச் செய்ததை அப்படியே நகல் எடுத்து மற்ற இரண்டுக்கும் பெயரை மட்டும் மாற்றி வைத்தேன். அப்போது அது வேகமாக முடிந்தது.

இந்த சீசனில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எடை போடுவார்கள். பறித்த பழத்தைச் சாக்கோடு தராசில் மாட்டி, ரைட்டர் (தோட்டத்துக் கணக்கர்) மொத்த எடையை எழுதிக்கொள்வார், சாக்கு எடையைக் கழிப்பது என் பைப்லைனின் வேலை. இதுவரை சணல் சாக்கு, ஒரு சாக்குக்கு 1 கிலோ கழிவு. இந்த வருடம் மூன்று தோட்டத்திலும் நைலான் பைக்கு மாறிவிட்டார்கள், பைக்கு 200 கிராம்தான். நான் இரண்டு ப்ராஜெக்ட்டில் மாற்றினேன், மூன்றாவதில் மாற்றினதாக நினைத்துக்கொண்டேன், மாற்றவில்லை. 6 நாள் அந்தத் தோட்டத்தில் பறித்த ஒவ்வொருவருக்கும் பைக்கு 800 கிராம் குறைந்தே கணக்கு ஏறியது. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். அங்கே பறிக்கும் ஒரு அக்கா தன் எடையைத் தினமும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தார், சம்பளத்தன்று மேஸ்திரியிடம் அதைக் காட்டினார், மேஸ்திரி எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் நோட்டில் இருந்ததுதான் சரி. மறுவாரம் எல்லோருக்கும் பாக்கியைக் கொடுத்துவிட்டோம், ஆனால் அன்றிலிருந்து இந்த அமைப்பை இப்படியே விட எனக்கு மனசே வரவில்லை.

அதனால் முழுதாகக் கலைத்துவிட்டு மறுபடி கட்டலாம் என்றிருக்கிறேன். மேலே "குழுமம்" என்று ஒரு தாய் ப்ராஜெக்ட், அதன் கீழ் தோட்டத்துக்கு ஒரு பிள்ளை ப்ராஜெக்ட், குடோனுக்கு ஒன்று, ஒவ்வொரு தோட்டத்தின் கீழும் எடை, கூலி, பல்ப்பர், மிளகு என்று பேரப்பிள்ளைகள். காகிதத்தில் வரைந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனி எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் 17 ப்ராஜெக்ட் வருகிறது. இது சரியான வழியா? தாய் ப்ராஜெக்ட்டில் வைத்த பைப்லைனைப் பிள்ளைகள் எல்லாம் தானாகவே எடுத்துக்கொள்ளுமா?

அஸ்தம்பட்டி_2

இரண்டு விஷயம் தெரிந்தால் சொல்ல வசதியாக இருக்கும். மூன்று தோட்டத்து ஃபைலும் ஒரே மாதிரி இருக்குமா, இல்லை ஆளுக்கு ஒரு எக்ஸெல் வடிவமா? அப்புறம், இதை ஓட்டுவது நீங்கள் ஒருவர்தானா, மேலே தோட்டத்திலும் யாராவது ஓட்டுகிறார்களா?

சில்வர்ஓக்_சேலம்

ஃபைல் மூன்றும் ஒரே வடிவம்தான், போன வருடமே உட்கார்ந்து பேசி ஒரே தாளாக்கிவிட்டோம். தேதி, மேஸ்திரி, ஆள் எண், பை எண்ணிக்கை, மொத்த எடை, அவ்வளவுதான். மிளகுக்குத் தனித் தாள். பல்ப்பர் கணக்கு ஒரே ஒரு தோட்டத்தில்தான் உண்டு, மற்ற இரண்டின் பழமும் அங்கேதான் வருகிறது.

ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் மேலே இரண்டு தோட்டத்தில் சிக்னல் சுத்தமாகப் போய்விடும், அப்போது அங்குள்ள ரைட்டர் தன் லேப்டாப்பிலேயே எடைப் பைப்லைனை ஓட்டிச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் அனுப்புவார். அதனால் அந்த லேப்டாப்பிலும் ஹாப் இருக்கிறது.

கன்னங்குறிச்சி_வாசி

தம்பி, 17 வேண்டாம். நீங்கள் வரைந்தது கம்பெனியின் படம். ப்ராஜெக்ட் பிரிக்க அந்தப் படம் உதவாது. யார் யாருக்குச் சொந்தம் என்பதை விட்டுவிட்டு, எது மாறினால் எது கூடவே மாறவேண்டும் என்று பாருங்கள். சாக்கு நைலான் பையானபோது மூன்று தோட்டத்துக்கும் ஒரே மாற்றம்தான் தேவைப்பட்டது. அப்படியென்றால் அந்த மூன்றும் ஒரே வேலை. ஒரே வேலையை மூன்று ப்ராஜெக்ட்டில் வைத்ததால்தான் ஒன்று விட்டுப்போனது. நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை, மூன்று நகல் இருந்தால் யாராக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஒன்றை விட்டுவிடுவார்கள்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. ஹாப்பில் பிள்ளை ப்ராஜெக்ட் தாயிடமிருந்து எடுத்துக்கொள்வது இரண்டே இரண்டு விஷயம்: வேரியபிள்கள் (பெயர் வைத்துச் சேமித்த மதிப்புகள்), மெட்டாடேட்டா. மெட்டாடேட்டா என்றால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன், ரன் கான்ஃபிகரேஷன் (பைப்லைன் எங்கே, எப்படி ஓடவேண்டும் என்ற அமைப்பு) மாதிரி விஷயங்கள். தாயின் ஃபோல்டரில் கிடக்கும் பைப்லைன், வொர்க்ஃப்ளோ (பைப்லைன்களை வரிசையாக ஓட்டுவது) ஃபைல்கள் பிள்ளைக்குத் தானாக வராது. இது தெரியாமல் தாயில் எல்லாவற்றையும் கொட்டி வைத்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் நிறையப் பேர். போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷனைத் தாயில் ஒருமுறை வைத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும், நாளை சர்வர் மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். தாய் ப்ராஜெக்ட்டின் முழுப் பயனே அதுதான், அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றாதீர்கள்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். "பொது" என்று ஒரு தாய். அதில் கனெக்‌ஷன், ரன் கான்ஃபிகரேஷன், எல்லோருக்கும் பொதுவான நாலைந்து வேரியபிள். அதன் கீழ் "பறிப்பு", அது மூன்று தோட்டத்துக்கும் சேர்த்து ஒன்று, மிளகு எடையும் அதிலேயே ஒரு ஃபோல்டராக இருக்கட்டும். பிறகு "கூலி". பிறகு "குடோன்", பல்ப்பரிலிருந்து கியூரிங் வரை அதில். மொத்தம் நான்கு ப்ராஜெக்ட். பேரப்பிள்ளை எதுவும் வேண்டாம். ஹாப் அதைத் தடுக்காது, தாய்க்கும் ஒரு தாய் வைக்கலாம்தான், ஆனால் ஒரு வேரியபிளின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ராத்திரி பத்து மணிக்கு மூன்று மாடி ஏறி இறங்கித் தேடவேண்டிவரும்.

மூன்று தோட்டத்துக்கு ஒரே பைப்லைன் என்றால் எப்படி? டேட்டாபேஸில் "தோட்டம்" என்று ஒரு அட்டவணை போடுங்கள், தோட்டத்தின் குறியீடு, ஃபைல் வந்து விழும் ஃபோல்டர் இரண்டும் அதில் இருக்கட்டும். மேலே ஒரு பைப்லைன் அந்த அட்டவணையை வரிவரியாகப் படித்து, பைப்லைன் எக்ஸிக்யூட்டர் வழியாக எடைப் பைப்லைனை ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருமுறை கூப்பிடும், குறியீடும் ஃபோல்டரும் பாராமீட்டராகப் போகும். நாளை முதலாளி நான்காவதாக ஒரு தோட்டம் வாங்கினால் அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பீர்கள், ப்ராஜெக்ட்டைத் தொடவே வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பை எடையை வேரியபிளில் வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும், 1 கிலோ, 200 கிராம், தாயில் ஒரு இடத்தில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று. வைக்காதீர்கள். வேரியபிளுக்கு இன்றைய மதிப்பு மட்டும்தான் தெரியும். ஜனவரியில் உட்கார்ந்து நவம்பர் முதல் வாரத்தை மறுபடி ஓட்டவேண்டி வந்தால், அப்போது சணல் சாக்கு இருந்திருக்கும், பைப்லைன் 200 கிராம் கழித்துவிட்டுப் போய்விடும், யாருக்கும் தெரியாது. தேதி பார்த்து மாறுகிற எதுவும் அட்டவணைக்குத்தான் போகவேண்டும்: எந்தத் தோட்டம், எந்தத் தேதியிலிருந்து, பை எடை எவ்வளவு. எடைச் சீட்டின் தேதிக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக் கழிக்கட்டும். கிலோவுக்கு எவ்வளவு கூலி என்பதும் அப்படித்தான். மேலே மூன்று தோட்டமும் ஒரே நாளில் பை மாற்றியிருக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள், ஒரு தோட்டத்தில் பழைய சாக்கு தீரும்வரை ஓட்டியிருப்பார்கள். வேரியபிளால் அதைச் சொல்லவே முடியாது.

வேரியபிளில் இன்னொரு சிக்கல். தாயில் இருக்கும் பெயரிலேயே பிள்ளையிலும் ஒன்று வைத்தால் பிள்ளையினுடையதுதான் செல்லும், எந்த எச்சரிக்கையும் வராது. காப்பி வருடம் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை, கணக்கு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இரண்டுக்கும் "ஆண்டு_தொடக்கம்" என்றே பெயர் வைத்துத் தாயில் ஏப்ரலும் பறிப்பில் அக்டோபரும் போட்டீர்கள் என்றால், எந்த அறிக்கை எதைப் பார்த்து எழுதியது என்று பிறகு கண்டுபிடிக்கமுடியாது. காப்பி_ஆண்டு, கணக்கு_ஆண்டு என்று பெயரிலேயே பிரித்துவிடுங்கள்.

என்விரான்மெண்ட் (ப்ராஜெக்ட்டை எந்த கான்ஃபிக் ஃபைலோடு ஓட்டுவது என்ற அமைப்பு) பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துக்கு ஒரு என்விரான்மெண்ட் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது சோதனைக்கு ஒன்று, உண்மையான ஓட்டத்துக்கு ஒன்று என்று பிரிக்கத்தான். தோட்டத்துக்கு வைத்தால் சோதனை என்விரான்மெண்ட்டை மூன்றாகப் பெருக்கவேண்டிவரும். அப்புறம் ஒவ்வொரு என்விரான்மெண்ட்டும் ஒரு ப்ராஜெக்ட்டோடு சேர்ந்தது, தாயின் என்விரான்மெண்ட் பிள்ளைக்கு இறங்காது. பிள்ளைக்குத் தனியாகச் செய்துகொள்ளுங்கள், ஆனால் எல்லாம் ஒரே கான்ஃபிக் ஃபைலைச் சுட்டலாம். சர்வர் முகவரி, பாஸ்வேர்டு அந்த ஃபைலில், அந்த ஃபைல் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியில், கிட்டுக்குள் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) போகாத இடத்தில்.

ஆத்தூர்_கிழங்கு

கன்னங்குறிச்சி அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அவர் சொன்ன காரணத்தைவிட என் காரணம் வேறு.

நான் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்கு இதே வேலை பார்க்கிறேன். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் மாவுச்சத்து பாயிண்ட் (கிழங்கில் மாவு எவ்வளவு என்ற அளவு) பார்த்து விலை போடுவது ஒரு கணக்கு, ஜவ்வரிசி 90 கிலோ மூட்டையாகப் போவது இன்னொரு கணக்கு. ஆரம்பத்தில் எல்லாம் ஒரே ப்ராஜெக்ட்டில் இருந்தது. லோடு இறக்கும் இடத்தில் இருக்கும் பையன் பாயிண்ட் பைப்லைனை ஓட்டவேண்டும் என்பதற்காக அவன் கம்ப்யூட்டரில் முழு ப்ராஜெக்ட்டையும் வைத்தோம். ஒரு நாள் அவன் சும்மா திறந்து பார்த்ததில் எல்லா விவசாயிகளின் பேங்க் கணக்கு எண்ணும் அவனுக்குத் தெரிந்தது. அவன் நல்ல பையன், வந்து சொன்னான். வேறு யாராவது என்றால்?

ஆகவே என் கணக்கு இது: யார் எதைப் பார்க்கலாம் என்பதும் பிரிக்க ஒரு காரணம்தான். நீங்கள் "கூலி"யைத் தனிப் பிள்ளையாக வைப்பது இதற்காகவே நல்லது. ரைட்டர் லேப்டாப்பில் பொதுவும் பறிப்பும் மட்டும் இருக்கட்டும். ஆனால் கவனியுங்கள், தாய் எல்லோரிடமும் போகும். அதனால் கூலி டேபிளைத் திறக்கும் கனெக்‌ஷனைத் தாயில் வைக்கக்கூடாது. போஸ்ட்கிரெஸில் இரண்டு யூசர் போடுங்கள், எடை டேபிளுக்கு மட்டும் உரிமை உள்ள யூசர் தாயில், கூலிக்கு உரிமை உள்ள யூசர் கூலிப் பிள்ளையின் மெட்டாடேட்டாவில்.

இன்னொன்று. ஹாப் கனெக்‌ஷன் ஃபைலைத் திறந்து பார்த்தால் பாஸ்வேர்டு "என்கிரிப்டட்" என்று தொடங்கி நீளமாக ஏதோ எழுத்தாக இருக்கும். அதைப் பார்த்துப் பூட்டு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். முன்னிருப்பாக வருவது வெறும் மறைப்புதான், ஹாப் வைத்திருக்கும் யாரும் திருப்பி எடுத்துவிடலாம். நிஜமான பூட்டு வேண்டுமென்றால் ஏஇஎஸ் என்கிற குறியாக்க முறைக்கு மாற்றித் தனிச் சாவி கொடுக்கவேண்டும். அது இப்போதைக்கு வேண்டாம் என்றாலும், பாஸ்வேர்டை வேரியபிளாக வெளி ஃபைலில் வைப்பதையாவது இன்றே செய்துவிடுங்கள்.

பழைய_ஸ்பூன்

மற்ற மென்பொருள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் பென்டஹோவின் கெட்டில் என்ற இதே வகை மென்பொருளில் பல வருடம் இருந்தவன், ஹாப்பே அந்த கெட்டிலிலிருந்து பிரிந்து வந்ததுதான். கெட்டிலில் ப்ராஜெக்ட் என்ற கருத்தே கிடையாது. வேரியபிள் எல்லாம் யூசரின் ஹோமில் ஒரே கெட்டில் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில், பகிரும் கனெக்‌ஷன் எல்லாம் ஒரே ஷேர்டு எக்ஸ்எம்எல்லில். இரண்டு வேலையைப் பிரிக்கவேண்டும் என்றால் கெட்டில்_ஹோம் என்பதை வேலைக்கு வேலை மாற்றி ஸ்பூனை (கெட்டிலின் வடிவமைப்புத் திரை) திறப்போம். மாற்ற மறந்தால் சோதனை வேலை நிஜ டேட்டாபேஸில் போய் எழுதும். அதை நேரில் பார்த்தவனாகச் சொல்கிறேன், ஹாப்பில் ப்ராஜெக்ட்டும் என்விரான்மெண்ட்டும் முதலிலிருந்தே இருப்பது பெரிய நிம்மதி.

டேலண்ட் என்ற இன்னொரு மென்பொருளில் வழி வேறு. அங்கே ஒரு ப்ராஜெக்ட்டை இன்னொன்றுக்கு ரெஃபரன்ஸ் ப்ராஜெக்ட்டாகச் சேர்க்கலாம். சேர்த்தால் அதிலுள்ள ஜாப், கனெக்‌ஷன் எல்லாம் உங்கள் ரெப்போசிட்டரியில் தெரியும், பயன்படுத்தலாம், ஆனால் அங்கிருந்து திருத்தமுடியாது, திருத்த அந்த ப்ராஜெக்ட்டுக்கே போகவேண்டும். எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடிக்கும், பொதுவானதை யாரும் போகிறபோக்கில் மாற்றமுடியாது. இலவசமாக இருந்த டேலண்ட் ஓபன் ஸ்டூடியோ 2024 ஜனவரி 31-ஓடு நின்றுவிட்டது, அதனால் புதிதாக அங்கே போகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "பொது" ப்ராஜெக்ட்டைத் திருத்துவது நீங்கள் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரைட்டர் பக்கம் அது படிக்க மட்டும்.

சில்வர்ஓக்_சேலம்

அண்ணன்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டினேன். கன்னங்குறிச்சி அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை, மேலே விசாரித்தால் ஒரு தோட்டத்தில் 9 நாள் கழித்துத்தான் பை மாறியிருக்கிறது. அந்த 9 நாளும் தேதியோடு அட்டவணையில் ஏறிவிட்டது.

என் கம்ப்யூட்டரில் எடைப் பைப்லைன் மூன்று தோட்டத்துக்கும் ஓடுகிறது. ஆனால் இரண்டு இடத்தில் நிற்கிறது.

ஒன்று, தேதியைச் சரிசெய்ய ஒரு குட்டிப் பைப்லைன் வைத்திருக்கிறேன். ரைட்டர்கள் 3.12 என்றும் 03/12 என்றும் 3-டிச என்றும் எழுதுவார்கள், அதையெல்லாம் ஒரே வடிவமாக்கும். பறிப்புக்கும் குடோனுக்கும் அது தேவை என்பதால் "பொது"வின் ஃபோல்டரில் வைத்தேன். பறிப்பிலிருந்து அதைக் கூப்பிட்டால், ஃபைல் ப்ராஜெக்ட் ஹோமுக்குள் (ப்ராஜெக்ட்டின் சொந்த ஃபோல்டருக்குள்) இல்லை என்று சொல்லி ஓட மறுக்கிறது.

இரண்டு, ரைட்டர் லேப்டாப்பில் பறிப்பு ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்து வைத்துத் திறந்தால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எதுவுமே தெரியவில்லை. என்னுடையதில் எல்லாம் தெரிகிறது. இதற்காகவே நேற்று பைக்கில் 20 கொண்டை ஊசியும் ஏறிப் போய்விட்டு வந்தேன், மேலே ஒரே பனி, ஒன்றும் பிடிபடவில்லை.

கன்னங்குறிச்சி_வாசி

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது சுலபம். பிள்ளையின் கான்ஃபிக் ஃபைலில் தாயின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, தாய் எந்த ஃபோல்டரில் இருக்கிறாள் என்பது அதில் இல்லை. பெயருக்கும் ஃபோல்டருக்கும் உள்ள தொடர்பு அந்தந்தக் கம்ப்யூட்டரின் ஹாப்-கான்ஃபிக் ஜேசன் ஃபைலில் இருக்கும். ஆகவே ரைட்டர் லேப்டாப்பிலும் "பொது" ஃபோல்டர் இருக்கவேண்டும், அதை அதே பெயரில், ஒரு எழுத்தும் பிசகாமல், ப்ராஜெக்ட்டாகப் பதியவேண்டும். என்விரான்மெண்ட்டும் அங்கே தனியாகப் பதியவேண்டும். "பொது", "பறிப்பு", "குடோன்" மூன்றையும் ஒரே கிட் ரெப்போவில் (சேமிப்பகத்தில்) பக்கத்துப் பக்கத்து ஃபோல்டராக வைத்துவிடுங்கள், பிள்ளை ஃபோல்டர் தாய் ஃபோல்டருக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. "கூலி"க்கு மட்டும் தனி ரெப்போ, ஆத்தூர்க்காரர் சொன்ன காரணத்துக்காக.

இதோடு சேர்த்து ஒன்று செய்யுங்கள். ஹாப்பின் புதிய பதிப்பு வந்தால் நாம் என்ன செய்வோம், ஜிப்பைப் பிரித்துப் புது ஃபோல்டரில் வைத்துப் பழையதைத் தூக்கிவிடுவோம். கான்ஃபிக் உள்ளேயே இருந்தால் பதிந்த ப்ராஜெக்ட் எல்லாம் காணாமல் போன மாதிரி தெரியும். ஃபைல் ஒன்றும் போகவில்லை, பதிவுதான் போனது, இருந்தாலும் மலை மேல் இருக்கும் ரைட்டருக்கு அது தெரியாது, பதறிப்போவார். ஹாப்_கான்ஃபிக்_ஃபோல்டர் என்ற வேரியபிளைக் கம்ப்யூட்டரில் அமைத்து, கான்ஃபிக் ஃபோல்டரை ஹாப்புக்கு வெளியே வைத்துவிட்டால் பதிப்பு மாற்றினாலும் பாதிக்காது.

முதல் பிரச்சினைக்கு வருவோம். ப்ராஜெக்ட் அமைப்பில், ப்ராஜெக்ட் ஹோமுக்குள் இருப்பதை மட்டும் ஓட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. அது வேண்டுமென்றே வைத்த காவல். இது இல்லாவிட்டால் டெஸ்க்டாப்பில் கிடக்கும் பழைய நகலைத் திறந்து ஓட்டிவிட்டு நிஜ டேபிளில் எழுதிவிடுவோம். அதை எடுத்துவிட்டால் உங்கள் பைப்லைன் ஓடும். ஆனால் நீங்கள் பட்டதற்குப் பிறகு அந்தக் காவலை எடுக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரே குட்டிப் பைப்லைன் என்றால் வேறு வழி பாருங்கள். தேதியைச் சரிசெய்யும் வேலையைப் பறிப்பின் நுழைவிலேயே முடித்து, சுத்தமான தேதியோடு டேபிளில் எழுதிவிடுங்கள், குடோன் அந்த டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அப்போது பல்ப்பர் தாளின் தேதி மட்டும் மிச்சம். அதை எழுதுவது ஒரே ஆள்தானே, அவரிடம் சொல்லி வடிவத்தை உறுதி செய்துகொள்ளலாம். பகிர்வதற்கு என்று பத்துப் பதினைந்து பைப்லைன் சேர்ந்தபிறகு டிக்கை எடுப்பதா என்று யோசிக்கலாம். அப்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: ப்ராஜெக்ட்_ஹோம் என்ற வேரியபிள் எப்போதும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் ப்ராஜெக்ட்டைத்தான் காட்டும். பறிப்பைத் திறந்துகொண்டு அதை வைத்துப் "பொது"வின் ஃபைலைத் தேடினால் கிடைக்காது. "பொது_ஹோம்" என்று தனியாக ஒன்றை என்விரான்மெண்ட் ஃபைலில் முழுப் பாதையோடு எழுதவேண்டும்.

ஆத்தூர்_கிழங்கு

அண்ணன் சொல்வதோடு ஒரு சரிபார்ப்புப் பைப்லைனும் போட்டுவிடுங்கள், அது "குடோன்"இல் இருக்கட்டும், ஏனென்றால் இரண்டு பக்கத்து எண்ணும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன. தோட்டத்தில் எடை போட்ட பழம் எவ்வளவு, பல்ப்பரில் இறங்கிய பழம் எவ்வளவு என்று தினமும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பை எடை தப்பாகக் கழித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், 6 நாள் ஆகியிருக்காது. சீசன் முடிவில் பழத்துக்கும் சுத்தக் காப்பிக்கும் (ஓடு நீக்கிய கொட்டை) உள்ள விகிதமும் பாருங்கள், அரபிகா வகைக் காப்பியில் சுமாராக 5 முதல் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ வரும், அதிலிருந்து ரொம்ப விலகினால் எங்கோ எடை தப்பு.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனியாக ஒப்பிடுங்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு தோட்டத்தின் தப்பு மற்ற இரண்டுக்குள் மறைந்துபோகும்.

சில்வர்ஓக்_சேலம்

இரண்டும் சரியாகிவிட்டது. ரைட்டரோடு போனிலேயே உட்கார்ந்து "பொது"வைப் பதிந்தோம், முதல் தடவை பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்து தாயைக் காணோம் என்றது, அதை எடுத்ததும் கனெக்‌ஷன் எல்லாம் வந்துவிட்டது. தேதி வேலையைப் பறிப்புக்குள்ளேயே வைத்துவிட்டேன், டிக்கை எடுக்கவில்லை. கூலி தனி ரெப்போ, தனி யூசர். பழைய நான்கு ப்ராஜெக்ட்டையும் ஜிப் செய்து ஹாப்பிலிருந்து பதிவை நீக்கிவிட்டேன், யாரும் தெரியாமல் திறந்துவிடக்கூடாது.

இந்த சீசனின் முதல் நாளிலிருந்து மூன்று தோட்டத்தையும் மறுபடி ஓட்டினேன். சாக்கு இருந்த நாளுக்கு 1 கிலோ, பை வந்த நாளிலிருந்து 200 கிராம், தோட்டத்துக்குத் தோட்டம் தேதி வேறாக இருந்தும் சரியாகக் கழிக்கிறது. பாக்கி கொடுத்த 6 நாளின் எண்ணும் ஏற்கெனவே கையால் போட்டதோடு ஒத்துப்போகிறது. சரிபார்ப்புப் பைப்லைன் இந்த வாரம்தான் எழுதவேண்டும், பல்ப்பர் தாளில் எந்தத் தோட்டத்துப் பழம் என்று ஒரு கட்டம் இல்லை, அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அக்காவின் ஆள் எண்ணுக்கு மட்டும் சீசன் முழுக்க நாள்வாரியாக எடையைத் தனித் தாளில் எடுத்து மேஸ்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் நோட்டோடு ஒரு வரி விடாமல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எங்காவது வித்தியாசம் இருந்தால் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.